ஒரே லினக்ஸ் கர்னல் இத்தனை பிராசசர்களில் எப்படி ஓடுகிறது, பழையவற்றை ஏன் நீக்குகிறார்கள்?

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "செல்போனில் இருக்கும் ஆர்ம், லேப்டாப்பில் இருக்கும் எக்ஸ்86, வங்கிகளில் இருக்கும் ஐபிஎம் மெயின்ஃப்ரேம் எல்லாவற்றிலும் லினக்ஸ் ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதுகிறார்களா? பழைய பிராசசர்களுக்கான நிரலை அவ்வப்போது நீக்குகிறார்களே, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போனால் என்ன நஷ்டம்? இந்த வேலைக்குள் புதிதாக வருபவர் எங்கே தொடங்கலாம்?" மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. சேர்த்தே பதில் சொல்கிறேன்.

தனித்தனியாக எழுதுவதில்லை. கர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மைய நிரல். அதன் சோர்ஸில் 'ஆர்ச்' என்று ஒரு டைரக்டரி இருக்கிறது. அதற்குள் 20ஐ ஒட்டி துணை டைரக்டரிகள், ஒவ்வொரு பிராசசர் குடும்பத்துக்கும் ஒன்று. பூட் ஆகும் முதல் சில அடிகள், இன்டரப்ட் (சாதனம் பிராசசரைக் குறுக்கிட்டு அழைப்பது) வந்தால் உள்ளே நுழையும் வழி, ஒரு டாஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, பேஜ் டேபிள் (நிரலின் முகவரியை நிஜ மெமரி முகவரியாக மாற்றும் அட்டவணை), அட்டாமிக் செயல்கள் (நடுவில் யாரும் குறுக்கிட முடியாதவை) போன்றவை அங்கே இருக்கும். ஷெட்யூலர், ஃபைல் சிஸ்டம், நெட்வொர்க், பெரும்பாலான டிரைவர்கள் எல்லாம் பொது நிரல். இந்த ஆர்ச் டைரக்டரியை எவ்வளவு மெலிதாக வைத்திருக்கிறோம் என்பதில்தான் பராமரிப்பு, புதுப்பிப்பு இரண்டும் அடங்கியிருக்கின்றன. முப்பது வருடக் கர்னல் வரலாற்றைப் பார்த்தால், ஆர்ச்சுக்குள் இருந்ததைப் பொது இடத்துக்கு இழுத்துவரும் வேலை ஒரு நாளும் நின்றதில்லை.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கர்னலை அறிவித்தபோது, இதை வேறு இயந்திரத்துக்கு எடுத்துப்போக முடியாது, இன்டெல் 386 பிராசசரின் டாஸ்க் மாற்றும் வசதியை நம்பி எழுதியிருக்கிறேன் என்று அவரே சொன்னார். அந்த நிலையை மாற்றியது டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா பிராசசர். அங்கே வேலை பார்த்த ஜான் ஹால் முயற்சியெடுத்து லினஸுக்கு ஓர் ஆல்ஃபா இயந்திரம் கிடைக்கச் செய்தார். 386 ஒரு 32 பிட் பிராசசர், ஆல்ஃபா 64 பிட். 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பில் ஆல்ஃபாவோடு ஸ்பார்க், மிப்ஸ் ஆகியவற்றுக்கான நிரலும் சேர்ந்திருந்தது.

அந்தக் காலத்தில் எடுத்த ஒரு முடிவு இன்றுவரை கர்னலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பொது நிரல் எந்த ஒரு நிஜப் பிராசசரையும் மனதில் வைத்து எழுதப்படுவதில்லை. எல்லாவற்றையும் உள்ளடக்கக்கூடிய ஒரு மாதிரிப் பிராசசரை எண்ணி எழுதப்படுகிறது. பேஜ் டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 386இல் அது இரண்டு அடுக்கு, ஆல்ஃபாவில் மூன்று. பொது நிரல் எப்போதும் மூன்று அடுக்கு இருப்பதாகவே எண்ணி நடக்கும். 386க்குக் கம்பைல் செய்யும்போது நடு அடுக்கு மடங்கி, கடைசி பைனரியில் ஒரு கட்டளைகூட இல்லாமல் மறைந்துவிடும். 2005இல் 2.6.11 பதிப்பில் நான்காவது அடுக்கு வந்தது, 2017இல் ஐந்தாவது. நான்கு அடுக்கில் 48 பிட், அதாவது 256 டெராபைட் முகவரி வெளி. எக்ஸ்86இன் ஐந்தடுக்கில் 57 பிட், 128 பெட்டாபைட். இந்த வளர்ச்சிக்காக மெமரி மேலாண்மையை யாரும் திரும்ப எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அடுக்கு கூடியபோதும் எல்லா ஆர்க்கிடெக்சரையும் (பிராசசர் குடும்பத்தையும்) ஒருவர் தொட்டுத் திருத்த வேண்டியிருந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழையதை ஏன் நீக்குகிறார்கள் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பேஜ் டேபிளாவது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். மெமரியைப் படிக்கும், எழுதும் வரிசை அப்படி இல்லை. ஒரு பிராசசர் முதலில் தரவை எழுதுகிறது, பிறகு அதைச் சுட்டும் பாயின்டரை எழுதுகிறது. இன்னொரு பிராசசர் பாயின்டரைப் படித்து, அதன் வழியாகத் தரவைப் படிக்கிறது. எக்ஸ்86இல் எழுதிய வரிசையிலேயே எல்லாருக்கும் தெரியும். ஆர்ம், பவர்பிசி இரண்டிலும் அப்படி உத்தரவாதம் இல்லை, எழுதுபவர் நடுவே ஒரு தடுப்புக் கட்டளை வைக்க வேண்டும். எக்ஸ்86இல் வருடக்கணக்காகச் சரியாக ஓடிய டிரைவர் ஆர்மில் எப்போதாவது ஒருமுறை தடுமாறி விழுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஆல்ஃபா இன்னும் ஒரு படி மேலே. அதில் சில மாடல்களின் கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் தற்காலிக நினைவகம்) தனித்தனிப் பகுதிகளாக இயங்குவதால், புதிய பாயின்டரைப் படித்த பிறகும் அது சுட்டும் இடத்தில் பழைய தரவு தெரியலாம். ஆக, படிக்கும் பக்கத்திலும் ஒரு தடுப்பு தேவைப்பட்டது.

இந்த ஒரே ஒரு பிராசசருக்காக, கர்னல் எழுதும் அத்தனை பேரும் அந்தத் தடுப்பை நினைவில் வைத்து, சரியான இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில் அதை 'ரீட் ஒன்ஸ்' என்ற பொது மேக்ரோவுக்குள் அடக்கினார்கள். அதற்குப் பிறகு டிரைவர் எழுதுபவருக்கு ஆல்ஃபா என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. சுமை முழுவதும் ஆல்ஃபாவின் டைரக்டரிக்குள் போய்விட்டது. விசித்திரம் யாருடையதோ அவர்களே சுமக்க வேண்டும், பொது நிரலில் கசியக் கூடாது. கர்னலில் நான் பார்த்த மிக நேர்த்தியான திருத்தங்களில் ஒன்றாக இதைச் சொல்வேன்.

ஆனால் எல்லா விசித்திரத்தையும் அப்படி அடைத்துவிட முடியாது. ஆரம்பகால ஆல்ஃபாக்களில் ஒற்றை பைட்டை மெமரியில் எழுத நேரடிக் கட்டளை கிடையாது. பெரிய சொல்லாகப் படித்து, நடுவில் ஒரு பைட்டை மாற்றி, முழுதாகத் திரும்ப எழுத வேண்டும். அந்த இடைவெளியில் பக்கத்து பைட்டை வேறொருவர் மாற்றியிருந்தால் அந்த மாற்றம் போச்சு. இதைப் பொது நிரலில் இருந்து மறைக்க வழியே இல்லை. அதனால் 2024இல் வந்த 6.10 பதிப்பில் பைட் கட்டளை இல்லாத பழைய ஆல்ஃபாக்களுக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள், புதிய மாடல்கள் தொடர்கின்றன.

ஆர்மின் கதை வேறு மாதிரி. அங்கே பிரச்சினை பிராசசரில் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் வன்பொருளில் இருந்தது. பிசியில் பிசிஐ பஸ்ஸைக் கேட்டால் என்னென்ன சாதனம் செருகியிருக்கிறது என்று சொல்லிவிடும், மிச்சத்தை ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்திருக்கும் நிரல்) சொல்லும். ஆர்ம் சிப்களில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளே இல்லை. டைமர் எந்த முகவரியில் இருக்கிறது, சீரியல் போர்ட்டின் இன்டரப்ட் எண் என்ன என்பதையெல்லாம் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி ஃபைலாக எழுதி வைத்தார்கள். சிப் செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு டைரக்டரி, அதற்குள் பக்கத்து நிறுவனத்தில் இருப்பதைப் போலவே ஒரு கிளாக் நிரல், ஒரு பின் (சிப்பின் இணைப்புக் கால்) நிரல். போர்டுக்கு ஒரு கர்னல் பைனரி. 2011இல் லினஸ் இதைப் பார்த்து வெளிப்படையாகவே கொதித்தார். கோபம் நியாயமானது, ஏனென்றால் அந்த வேகத்தில் போயிருந்தால் ஆர்ம் பகுதியை யாராலும் கட்டி மேய்த்திருக்க முடியாது.

விடை பழைய இடத்திலிருந்து வந்தது. ஸ்பார்க், பவர்பிசி இயந்திரங்களின் ஓப்பன் ஃபர்ம்வேரில் டிவைஸ் ட்ரீ என்ற ஏற்பாடு முன்பே உண்டு. வன்பொருள் விவரத்தைத் தரவாக எழுதி, பூட் ஆகும்போது கர்னலிடம் கொடுத்துவிடுவது. ஆர்முக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். கிளாக், பின், இன்டரப்ட் கன்ட்ரோலர் ஒவ்வொன்றுக்கும் பொதுச் சட்டகம் எழுதி, நிறுவன டைரக்டரிகளில் கிடந்ததை டிரைவர் டைரக்டரிக்கு நகர்த்தினார்கள். ஆர்ன்ட் பெர்க்மன், ஓலோஃப் யோஹான்சன் இருவரும் எல்லா நிறுவனங்களின் பேட்ச்களும் (நிரல் திருத்தங்களும்) தங்கள் வழியாகப் போகும்படி ஒரு பொது சோர்ஸ் மரத்தைப் பராமரித்தார்கள். 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில் ஒரே பைனரி பல நிறுவனங்களின் ஆர்ம் சிப்களில் பூட் ஆகும் நிலை வந்தது. அதே பதிப்பில்தான் 64 பிட் ஆர்மும் உள்ளே வந்தது. கேட்டலின் மரினாஸ் அதைப் பழைய ஆர்ம் டைரக்டரியில் ஒட்டவைக்காமல் புதிதாகத் தனி டைரக்டரியில் தொடங்கினார், போர்டு ஃபைல் என்ற பேச்சுக்கே அதில் இடம் தரவில்லை. 32 பிட் பக்கத்திலோ மிச்சமிருந்த போர்டு ஃபைல்களில் பெரும்பகுதி 2023இல், 6.3 பதிப்பில்தான் போனது. பத்து வருடத்துக்கும் மேல். ஒரு பழக்கத்தை ஆர்ச் டைரக்டரிக்குள் வளரவிட்டால் அதை எடுக்க இவ்வளவு காலம் ஆகும்.

எக்ஸ்86இலும் ஒரு காலத்தில் 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் தனித்தனி டைரக்டரிகள் இருந்தன. ஒன்றில் திருத்திய பிழை மற்றொன்றில் அப்படியே கிடக்கும். 2008 ஜனவரியில் 2.6.24இல் தாமஸ் கிளெய்க்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். பவர்பிசியிலும் இதே போன்ற இணைப்பு நடந்தது.

சரி, புதுப்பிப்பு என்றால் என்ன? புதிய பிராசசருக்கு ஆதரவு சேர்ப்பது அதில் சிறு பகுதிதான். பெரிய பகுதி, எல்லா ஆர்க்கிடெக்சரையும் ஒரே நேரத்தில் ஒரு புதிய ஏற்பாட்டுக்கு நகர்த்துவது. மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

'செட் எஃப்எஸ்' என்று ஒரு ஃபங்ஷன் கர்னல் பிறந்த காலம் முதல் இருந்தது. 386இன் எஃப்எஸ் செக்மென்ட் ரெஜிஸ்டரிலிருந்து வந்த பெயர். யூசர் முகவரிகளை மட்டுமே ஏற்க வேண்டிய நிரலைக் கொஞ்ச நேரத்துக்குக் கர்னல் முகவரிகளையும் ஏற்கவைப்பது இதன் வேலை. திரும்பப் பழைய நிலைக்கு மாற்ற மறந்தால், அல்லது நடுவில் ஏதாவது பிழை வந்து அந்த நிலையிலேயே வெளியேறினால், யூசர் நிரல் கர்னல் மெமரியில் எழுதிவிடலாம். 2010இல் அப்படி ஒரு பாதுகாப்பு ஓட்டை உண்மையிலேயே வெளிப்பட்டது. கிறிஸ்டோஃப் ஹெல்விக் முன்னின்று இதை ஒழிக்கும் வேலையைச் செய்தார். 2020 கடைசியில் வந்த 5.10இல் எக்ஸ்86 உள்ளிட்ட சில விடுபட்டன. ஆனால் அந்த ஃபங்ஷன் முற்றாக ஒழிந்தது 2022இல், 5.18 பதிப்பில். இடைப்பட்ட காலம் முழுக்க, மிச்ச ஆர்க்கிடெக்சர்கள் நகர்வதற்காகப் பொது நிரல் இரண்டு வழிகளையும் சுமந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, 2038. நேரத்தை 32 பிட் எண்ணில் நொடிகளாக வைத்தால் 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பி வழிந்துவிடும். 64 பிட் இயந்திரங்களுக்குக் கவலையில்லை, 32 பிட் இயந்திரங்கள் அத்தனைக்கும் நேரம் தொடர்பான சிஸ்டம் கால்கள் (யூசர் நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) புதிதாகத் தேவைப்பட்டன. ஆர்ன்ட் பெர்க்மன், தீபா தினமணி உள்ளிட்டோர் பல வருடம் உழைத்து 2020இல் 5.6 பதிப்பில் கர்னல் பக்கத்தை முடித்தார்கள். இதோடு ஒரு நல்ல காரியமும் நடந்தது. அதுவரை ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரும் சிஸ்டம் கால்களுக்குத் தனக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்துவந்தது. 5.1 பதிப்பிலிருந்து புதிதாக வரும் சிஸ்டம் கால்களுக்கு எங்கும் ஒரே எண். மிப்ஸ், ஆல்ஃபா போல எண்வரிசை தள்ளித் தொடங்கும் சில இடங்கள் மட்டும் விலக்கு. அந்தப் பதிப்பில் எக்ஸ்86-64இன் பட்டியல் 334இலிருந்து நேராக 424க்குத் தாவியதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். காரணம் இதுதான்.

மூன்றாவது, கர்னலுக்குள் நுழையும் வழி. சிஸ்டம் கால் வந்தவுடன் ட்ரேசிங் (நடப்பதைப் பதிவது), செக்காம்ப் (சிஸ்டம் கால்களை வடிகட்டுவது), ஆர்சியூ (பூட்டில்லாமல் தரவைப் படிக்கும் ஏற்பாடு) ஆகியவற்றைச் சரியான வரிசையில் கவனிக்க வேண்டும். இந்த வரிசையை ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரும் தன் போக்கில், பாதி அசெம்ப்ளியில் எழுதி வைத்திருந்தது. நுணுக்கமான பிழைகள் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. 2020இல் கிளெய்க்ஸ்னர் இதைப் பொது நிரலாக சியில் எழுதினார். முதலில் எக்ஸ்86 மாறியது, அப்புறம் எஸ்390 (ஐபிஎம் மெயின்ஃப்ரேம்), ரிஸ்க்-ஃபைவ் (யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுப்பு). மாறியவர்களுக்கு உடனடி லாபம் உண்டு: நுழைவாயிலை ஒட்டி ஒரு புதிய வசதி வந்தால் அது அவர்களுக்குத் தானாகக் கிடைக்கும். மாறாதவர்கள் அதைத் தாங்களே எழுதிச் சேர்க்க வேண்டும்.

இப்போது நீக்கும் கேள்விக்கு வரலாம். "பாட்டுக்கு இருக்கட்டுமே" என்பது கர்னலில் நடக்காது, ஏனென்றால் எதுவும் அது பாட்டுக்கு இருப்பதில்லை. மேலே சொன்ன ஒவ்வொரு நகர்வும் எல்லா டைரக்டரியையும் தொடுகிறது. யாரும் பயன்படுத்தாத, யாரிடமும் சோதித்துப் பார்க்க வன்பொருள் இல்லாத ஒன்றையும் திருத்தியே ஆக வேண்டும். திருத்தியது ஓடுகிறதா என்று தெரியவும் வராது.

386 பிராசசருக்கான ஆதரவு 2013 தொடக்கத்தில் 3.8 பதிப்பில் போனது. லினக்ஸ் பிறந்ததே அதில்தான். ஆனாலும் லினஸ் அதற்காக வருந்தவில்லை. எழுதக் கூடாது என்று குறித்த பேஜில்கூடக் கர்னல் நிலையில் 386 எழுதிவிடும், அதைச் சமாளிக்கத் தனிச் சோதனைகள் தேவைப்பட்டன. மதிப்பை ஒப்பிட்டு மாற்றும் அட்டாமிக் கட்டளையும் அதில் இல்லை. 2018இல் 4.17 பதிப்பில் பிளாக்ஃபின், கிரிஸ், டைல் உட்பட 8 ஆர்க்கிடெக்சர்களை ஒரே மூச்சில் பெர்க்மன் நீக்கினார். ஏறக்குறைய 5 லட்சம் வரிகள். எட்டும் வடிவமைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கதி என்று அவர் எழுதியது முக்கியமான கவனிப்பு. ஒரே நிறுவனம் சிப், பிராசசர் வடிவமைப்பு, மென்பொருள் மூன்றையும் தனியாகத் தூக்கிச் சுமந்தது. வெளியிலிருந்து ஆர்ம் போன்ற ஒன்றை உரிமம் வாங்குவது அதைவிட மலிவாகிவிட்டது.

சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர்களை இந்த இடத்தில் யோசித்துப் பாருங்கள். அவை ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பில் அமைந்தவை. அதனால் அவற்றுக்கென்று ஓர் ஆர்ச் டைரக்டரியைத் தனியாக எழுதிக் காலமெல்லாம் காப்பாற்றும் பொறுப்பு அவர்களுக்கு வரவில்லை. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து பராமரிக்கும் டைரக்டரி ஏற்கெனவே இருக்கிறது.

இன்டெல், ஹெச்பி இரண்டும் கொட்டிய பணத்துக்கு அவற்றின் இட்டேனியம் பிராசசர் நிலைத்திருக்க வேண்டும். சிப் அனுப்புவது 2021இல் நின்றது, அதே வருடம் கர்னலில் மெயின்டெய்னர் (பராமரிப்புப் பொறுப்பாளர்) இல்லாத அநாதை என்று குறிக்கப்பட்டது. இஎஃப்ஐ ஃபர்ம்வேர் நிரலை அது எக்ஸ்86, ஆர்மோடு பகிர்ந்துகொண்டதால், அந்தப் பகுதியைப் பராமரிக்கும் ஆர்ட் பீஷூவல் ஒவ்வொரு மாற்றத்திலும் ஓட்டிப் பார்க்க முடியாத இட்டேனியத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் சுமார் 65 ஆயிரம் வரிகளோடு அது வெளியேறியது.

அதே நேரம், மோட்டோரோலா 68000 குடும்பம் இன்னும் கர்னலில் இருக்கிறது! அமிகா, அட்டாரி காலத்து பிராசசர். 90களிலிருந்து கேர்ட் அவுட்டர்ஹோவன் அதை விடாமல் பார்த்துக்கொள்கிறார். பொது நிரலில் எது மாறினாலும் அந்த டைரக்டரியும் கூடவே மாறுகிறது, அதனால் அது யாருக்கும் தடையாக நிற்பதில்லை. பழையதா புதியதா, விற்கிறதா இல்லையா என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். பொறுப்பேற்கும் ஆள் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. ஹெச்8/300 என்ற சிப் 3.13இல் நீக்கப்பட்டு, ஒருவர் முன்வந்ததால் 4.2இல் திரும்ப வந்து, பராமரிப்பு ஓய்ந்ததும் 5.19இல் மறுபடி போனது. இரண்டு முறையும் சிப் அதேதான்.

புதிதாக வருபவை எப்படி வருகின்றன என்பதும் சொல்லத் தக்கது. ரிஸ்க்-ஃபைவ் 4.15இல் சேர்ந்தபோது இன்டரப்ட் கன்ட்ரோலர் டிரைவர்கூட உள்ளே வந்திருக்கவில்லை, உருப்படியாக பூட் செய்ய 4.19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீனாவின் லூங்ஆர்ச் 2022இல் 5.19இல் சேர்ந்தபோதும் கிட்டத்தட்ட அதே நிலை. முதலில் ஆர்ச் பகுதியை மட்டும் ஏற்று, மற்றதை அந்தந்தப் பகுதியின் மெயின்டெய்னர்கள் பார்த்துத் திருப்தியான பிறகு சேர்ப்பது மெதுவான வழிதான். ஆர்ம் பட்ட பாட்டை நினைத்தால் இந்த நிதானம் சரி என்றே சொல்வேன்.

அடுத்து தீர்க்க வேண்டியது ரஸ்ட். 2022 டிசம்பரில் 6.1இல் அந்த மொழி கர்னலுக்குள் வந்தது. ரஸ்ட் கம்பைலர், இயந்திரக் கட்டளைகளை உருவாக்க எல்எல்விஎம் என்ற கம்பைலர் அடித்தளத்தை நம்பியிருக்கிறது. ஆல்ஃபா, ஹெச்பியின் பிஏ-ரிஸ்க் போன்றவற்றுக்கு எல்எல்விஎம்மில் இடமில்லை. ரஸ்ட் டிரைவர்களில் மட்டும் இருக்கும்வரை பிரச்சினையில்லை. எல்லா இயந்திரத்துக்கும் கட்டாயமான ஒரு மையப் பகுதியை அதில் எழுதும் நாள் வந்தால், ஜிசிசி என்ற மற்றொரு கம்பைலர் வழியாக ரஸ்ட்டைக் கம்பைல் செய்யும் முயற்சிகள் அதற்குள் பழுத்திருக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு: விலை கொடுத்து வன்பொருள் வாங்க வேண்டாம். வேறு பிராசசர்களை மென்பொருளிலேயே நடித்துக்காட்டும் க்யூஇஎம்யூ இருந்தால் போதும். உங்கள் டிரைவரையோ மாட்யூலையோ எஸ்390க்குக் கிராஸ் கம்பைல் செய்து (உங்கள் இயந்திரத்திலேயே அதற்கான பைனரியை உருவாக்கி) ஓட்டிப் பாருங்கள். அதில் எண்ணின் பெரிய பைட் முதலில் வரும், எக்ஸ்86இல் சிறிய பைட் முதலில். பைட் வரிசையில் நீங்கள் செய்த தவறு உடனே வெளியே வரும். கர்னல் நிரலைச் சோதிக்கும் ஸ்பார்ஸ் கருவியையும் ஓட்டுங்கள், பைட் வரிசை கலந்த இடங்களைக் கம்பைல் நேரத்திலேயே காட்டும். 4 கிலோபைட் பேஜ் என்று எங்காவது எண்ணை நேரடியாக எழுதியிருந்தால், 64 கிலோபைட் பேஜோடு ஆர்ம்64 கர்னலைக் கட்டிச் சோதியுங்கள். கர்னலின் ஆவண டைரக்டரியில் 'ஃபீச்சர்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. எந்த வசதி எந்த ஆர்க்கிடெக்சரில் இருக்கிறது, எதில் இன்னும் செய்ய வேண்டியிருக்கிறது என்று அட்டவணை போட்டிருப்பார்கள். செய்ய வேண்டியது என்று குறித்த கட்டங்களில் ஒன்றை எடுத்து, அதே வசதியை ரிஸ்க்-ஃபைவ் எப்படிச் சேர்த்தது என்று கிட் வரலாற்றில் படித்துவிட்டு எழுத ஆரம்பிக்கலாம். பேட்ச் யாருக்குப் போக வேண்டும் என்பதை ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரியில் இருக்கும் 'கெட் மெயின்டெய்னர்' சொல்லும். சிறிய ஆர்க்கிடெக்சர்களில் அனுப்பிய பேட்ச்சைப் படிக்க ஓர் ஆள்தான் இருப்பார், பதில் வர வாரக்கணக்கில் ஆனாலும் காத்திருந்து ஒருமுறை நினைவூட்டுங்கள்.